சேணமும் சைக்கிள் ஆசனமும்

துவிச்சக்கர வண்டியின் உறுப்புக்களிலே மனித உடலோடு நேரே தொடர்புகொள்வன மூன்று. கைபிடியைக் கைகள் பற்றுகின்றன. மிதிகளைப் பாதங்கள் உந்துகின்றன. ஆசனமோ உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. சக்கரத்தின் சரித்திரத்தையும் ரயரின் சரித்திரத்தையும் எழுதினோர் பலர். ஆசனத்தின் சரித்திரத்தைக் கேட்போர் சிலரே. ஆயினும், ஆசையோடு வாங்கிய வண்டியைச் சில வாரங்களுக்குள் சுவரோடு சாத்திவைத்துவிட்டவர்களை விசாரித்தால், சக்கரத்தைக் குறைகூறுவோரிலும் பார்க்க, அதன்மேல் இருக்க முடியவில்லை என்போரைக் காண்பது எளிது.

கல்லும் மேடும் பள்ளமுமான பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மலைச் சைக்கிளில் இந்த வருத்தம் இன்னும் கூடுதலாகத் தோன்றும். அத்தகைய வண்டிக்குச் சௌகரியமான ஆசனம் எது? மெத்தென்று இருப்பதே சௌகரியம் என்பது பலருடைய எண்ணம். இருநூறு ஆண்டுச் சரித்திரம் தரும் விடை வேறு. அவ்விடையைத் தேடி, நேயர்களே, சிறிது தூரம் பின்னோக்கிச் செல்வோம்.

ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து 1817ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் திகதி கார்ள் வொன் டிறைஸ் என்பவர், தாம் மரத்தாற் செய்த இருசக்கர வண்டியிலே வெளிக்கிளம்பினார். அவ்வண்டிக்கு மிதிகள் இல்லை. மெத்தையிட்ட ஆசனத்திலே அமர்ந்து, முழங்கைகளை ஒரு பலகையில் ஊன்றி, கால்களால் நிலத்தை உதைத்து உதைத்து முன்னேறவேண்டும். குதிரையின்மீது அமர்பவனைப் போலவே வண்டிக்காரனும் அமர்ந்தான். ஆங்கிலேயர் இன்றும் சைக்கிள் ஆசனத்துக்குக் குதிரைச் சேணத்தின் பெயரையே வழங்குகின்றனர். ஆனால் டிறைஸின் வண்டியிலே உடலின் பாரம் முழுவதும் ஆசனத்திற் சுமரவில்லை. நிலத்தைத் தொட்ட கால்களும், பலகையிற் பதிந்த கைகளும் அதிற் பங்கெடுத்துக்கொண்டன.

1860ஆம் ஆண்டுகளிலே பாரிஸ் நகரத்துத் தொழிலாளர் முன்சக்கரத்திலே மிதிகளைப் பூட்டினர். பாதங்கள் நிலத்தை விட்டு எழுந்தன. பாரத்தின் பெரும்பங்கு ஆசனத்தில் இறங்கிற்று. சக்கரங்கள் மரத்தாலானவை, அவற்றின் விளிம்பிலே இரும்புப் பட்டம். கல் பதித்த தெருக்களில் அவை உருண்டபோது ஏற்பட்ட அதிர்ச்சியைக் கண்ட ஆங்கிலேயர், எலும்பை உலுக்கும் வண்டி என்று அதற்குப் பெயர் சூட்டினர். வண்டி செய்வோர் நீண்ட இரும்பு வில்லொன்றை அமைத்து, அதன்மேல் ஆசனத்தை ஏற்றினர். அதிர்ச்சிதான் நோய், வில்லே மருந்து என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு ஓரளவே சரி என்பதைக் காலம் காட்டிற்று. 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே ஜோன் கெம்ப் ஸ்ராளி, ஏறத்தாழ ஒரே அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியுங் கொண்ட ‘றோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டண்லொப், காற்றடைத்த இறப்பர் ரயருக்கு உரிமை பெற்றார். தெருவின் அதிர்ச்சியைக் காற்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஆசனத்தின் வலி முற்றாக மறையவில்லை. அதிர்ச்சியைத் தவிர வேறொரு காரணமும் உண்டு என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

இதற்கிடையில், பேர்மிங்காம் நகரிலே குதிரைகளுக்குரிய தோற்சாமான்களைச் செய்து வந்த ஜோன் பௌல்ற்பீ புரூக்ஸ் என்பவர் வேறொரு வழியாக இவ்விடயத்தை அணுகியிருந்தார். அவருடைய குதிரை இறந்தபின் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி ஓடினார் என்றும், அதன் ஆசனம் தந்த துன்பமே அவரைச் சிந்திக்கவைத்தது என்றும் சொல்லுவார்கள். 1882ஆம் ஆண்டு சைக்கிள் ஆசனமொன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் உலகெங்கும் பரவிய தோலாசனத்தில் மெத்தை என்பதே கிடையாது. இரும்புச் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலே தடித்த தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். புதிதாக வாங்கும்போது அது பலகையைப் போல் இறுகியிருக்கும். நாளடைவில், இருப்பவருடைய எலும்புகள் படும் இடங்களில் மாத்திரம் தோல் சிறிது பள்ளமாகி, அவருக்கே உரியதாகிவிடும். இலங்கைக்கு வந்த இங்கிலாந்துச் சைக்கிள்களிலும் இவ்வகைத் தோலாசனங்கள் இருந்தமையை முதியோர் அறிவர். பிறருக்கு இரவல் கொடுக்க உடையவர் தயங்கியதற்கு இதுவும் ஒரு நியாயமே.

இங்கே உடலின் அமைப்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நாம் அமரும்போது பாரத்தைத் தாங்குவதற்காக இடுப்பெலும்பின் அடியிலே இரண்டு முனைகள் உள்ளன. அவற்றை இருக்கையெலும்புகள் என்று கூறலாம். அவை பாரத்தைத் தாங்க வல்லவை. அவற்றுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதியிலோ நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லுகின்றன. அப்பகுதி பாரம் சுமப்பதற்கு ஏற்பட்டதன்று. மிகவும் மெத்தென்ற ஆசனத்தில் அமர்ந்தால் எலும்புகள் புதைகின்றன. நடுவிலுள்ள மெத்தை மேலெழுந்து அந்த மென்பகுதியையே அழுத்துகின்றது. கடையிலே விரலால் அழுத்திப் பார்த்தபோது இன்பந் தந்த ஆசனம், பத்து மைல் ஓடியபின் துன்பந் தருவதன் இரகசியம் இதுதான்.

1890ஆம் ஆண்டுகளிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓடத் தொடங்கினர். உடனே ஆசனம் ஒரு சமூகப் பிரச்சினையாயிற்று. ஆசனத்தின் அழுத்தம் பெண்களின் தேகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு என்று சில வைத்தியர்கள் எச்சரித்தனர். பெண்கள் ஓடாதிருப்பதே நன்று என்றனர் சிலர். வேறு சிலரோ, குறை ஓடுபவரிடம் இல்லை, ஆசனத்திலேதான் உண்டு என்று கண்டனர். இரு எலும்புகளுக்கும் இரு தனித்தனி மெத்தைகளை வைத்து, நடுவிலே இடைவெளி விட்ட ஆசனங்கள் சுகாதார ஆசனம் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தன. பாடசாலையிலே ஒரே உயரமான வாங்கில் எல்லாப் பிள்ளைகளையும் இருத்திவிட்டு, நெளிகின்ற பிள்ளையைக் குழப்படிகாரன் என்று தண்டிப்பாரும் உளர். வாங்கை அளந்து பார்ப்பாரும் உளர். அன்றைய வாதம் இவ்விரு மனப்பான்மைகளுக்கும் இடையே நடந்த வாதமேயாகும்.

இனி மலைக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரீன் என்னும் பிரதேசத்தில் டமல்பைஸ் மலை இருக்கின்றது. 1970ஆம் ஆண்டுகளிலே அவ்விடத்து இளைஞர் சிலர், அகன்ற ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்து, மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 21ஆம் திகதி பெயர்பக்ஸ் என்னும் ஊருக்கருகே ஒரு பந்தயம் வைத்தனர். ஏறத்தாழ 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கும் பாதை அது. இறங்கி முடிவதற்குள் பின்சக்கரத் தடையிலுள்ள கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடியும் அடைக்கவேண்டும். அதனாலேயே ‘மறுபடியும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘றீபக்’ என்ற பெயர் அப்பந்தயத்துக்கு வந்தது. 1977ஆம் ஆண்டு ஜோ பிறீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதிய சட்டங்களைச் செய்யத் தொடங்கினார். 1979ஆம் ஆண்டு காரி பிஷரும் சாள்ஸ் கெலியும் இவ்வகை வண்டிகளை விற்பதற்கு ஒரு நிறுவனம் அமைத்தனர். மலைச் சைக்கிள் உலகுக்கு வந்த வரலாறு இவ்வாறு.

மலை, ஆசனத்துக்குப் புதியதொரு பாடத்தைக் கற்பித்தது. ஏற்றத்திலே ஓடுபவர் அமர்ந்து மிதிக்கவேண்டும். அதற்கு ஆசனம் உயரமாக இருத்தல் நன்று. இறக்கத்திலோ அவர் மிதிகளில் எழுந்துநின்று, இடுப்பை ஆசனத்துக்குப் பின்னே கொண்டுபோகவேண்டும். அவ்வேளையில் உயர்ந்த ஆசனம் வயிற்றில் இடித்து அவரை முன்னே தள்ளிவிடவும் கூடும். ஆகவே 1980ஆம் ஆண்டுகளில் பிறீஸும் அவருடைய நண்பர் ஒருவரும் ஆசனத் தண்டிலே ஒரு சுருள்வில்லைப் பூட்டி, ஓடுபவர் தம் பாரத்தால் ஆசனத்தைத் தாழ்த்தவும், பாரத்தை எடுத்தவுடன் அது தானே எழவும் வழிசெய்தனர். கைபிடியிலுள்ள விசையை அழுத்தியவுடன் தாழ்ந்து உயரும் தண்டுகள் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் பரவின. தாங்கவேண்டிய வேளையில் தாங்கவும், விலகவேண்டிய வேளையில் விலகவும் தெரிந்ததே மலைக்குரிய ஆசனம்.

1997ஆம் ஆண்டு பழைய வாதம் புதிய வடிவில் எழுந்தது. பொஸ்ரன் நகரத்து வைத்தியர் இர்வின் கோல்ட்ஸ்ரீன், ஒடுங்கிய ஆசனத்தின் அழுத்தம் ஆண்களின் இரத்த ஓட்டத்தைத் தடைசெய்து கேடு விளைக்கும் என்று கூறினார். பெருங் கலவரம் உண்டாயிற்று. மிகைப்படுத்துகிறார் என்று மறுத்தோரும் உண்டு. ஆயினும் நடுவிலே பள்ளமோ திறப்போ உள்ள ஆசனங்கள் அக்காலந்தொட்டுப் பெருகின. பின்னர் அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம், சைக்கிளிற் காவல்புரியும் பொலிசார் 90 பேருக்கு முன்மூக்கு இல்லாத ஆசனங்களைக் கொடுத்து ஆறு மாதம் ஆராய்ந்தது. அழுத்தமும் மரத்துப்போதலும் குறைந்தன என்று 2008ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்தது. ஆனால் தெருவிலே காவல் புரிபவருக்குப் பொருந்தியது மலையில் இறங்குபவருக்கு முழுவதும் பொருந்தாது. ஆசனத்தின் மூக்கைத் தொடைகளால் அணைத்தே அவர் வண்டியை நெறிப்படுத்துகின்றார்.

இச்சரித்திரத்திலிருந்து, ஆசனம் தெரிவு செய்வோர் எதனைக் கற்கலாம்? முதலாவது, அகலம். அலைமடிப்புள்ள அட்டையொன்றைக் கடினமான வாங்கிலே வைத்து, அதன்மேல் சற்று முன்சாய்ந்து அமர்ந்து எழுங்கள். பதிந்த இரு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரமே உங்கள் அளவு. அதனுடன் 2 முதல் 3 சதமமீற்றர் வரை கூட்டினால் ஆசனத்தின் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும். உடல் பருத்தவருக்கு எலும்பின் இடைவெளியும் பெரிதாயிருக்கும் என்று கொள்ளல் தவறு. பெண்களுக்குச் சராசரியில் அது சிறிது கூடுதல். ஆனால் சராசரியிலே யாரும் அமர்வதில்லை. நிமிர்ந்து ஓடுபவருக்கு அகன்ற ஆசனமும், முன்வளைந்து ஓடுபவருக்கு ஒடுங்கிய ஆசனமும் பொருந்தும்.

இரண்டாவது, மெத்தை அளவோடு இருக்கட்டும். மெத்தையை ஆசனத்திலே தேடாது, சைக்கிளுக்கென்று தைத்த காற்சட்டையிலே தேடுவது நன்று. மூன்றாவது, மலைக்குரிய ஆசனத்தின் விளிம்புகள் உருண்டும், பின்புறம் உடையைக் கொளுவிப் பிடிக்காததாயும், மேலுறை மண்ணையும் மழையையும் தாங்குவதாயும் இருத்தல் வேண்டும். நான்காவது, வாங்கிய ஆசனத்தைச் சரியாகப் பூட்டவேண்டும். மிதி அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடிந்திருக்கும். ஆசனம் சமதளமாக இருக்கட்டும். மூக்கு மேல்நோக்கினால் மென்பகுதி அழுந்தும். அதிகம் கீழ்நோக்கினால் உடல் வழுக்கிக் கைகள் நோகும். நல்ல ஆசனத்தையும் கெட்ட பூட்டு கெடுத்துவிடும்.

புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு முதல் இரண்டொரு வாரம் எலும்புப் பக்கத்தில் சிறு நோவு உண்டாதல் இயல்பு; அது பழக்கத்தால் தீரும். மரத்துப்போதல் அவ்வாறன்று. அது பழகிக்கொள்ளவேண்டிய ஒன்றன்று; உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதனைக் கண்டவுடன் இறங்கி, ஆசனத்தின் சாய்வையும் உயரத்தையும் பார்க்கவேண்டும். மாறாவிடின் ஆசனத்தையே மாற்றவேண்டும். அதன்பின்பும் நீடித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். வெட்கத்தால் மறைப்பதும், வீரமென்று பொறுப்பதும் பேதைமை.

இருநூறு ஆண்டுகளாக ஆசனத்தை வில்லாலும் தோலாலும் மெத்தையாலும் திருத்தியவர்களுள், ஓடுபவருடைய எலும்பு எங்கே படுகின்றது என்று கேட்டவர்களே வெற்றி கண்டனர். விலையைப் பார்க்குமுன், நிறத்தைப் பார்க்குமுன், நண்பருடைய வண்டியைப் பார்க்குமுன், ஓர் அட்டைத் துண்டின்மேல் ஒரு நிமிடம் அமர்ந்து பாருங்கள். உங்கள் ஆசனத்தைப் பற்றிய முதற் செய்தி அதிலேதான் எழுதப்பட்டிருக்கும்.