ஸ்பானிஷில் ஏன் இரண்டு 'இஸ்'? ஆங்கிலம் பேசுவோர் தடுமாறுவது இங்கேதான்!

ஆங்கிலத்தில் 'ஆம், இஸ், ஆர்' எல்லாமே ஒரே வினைச்சொல்லின் வடிவங்கள். ஸ்பானிஷில் அந்த வேலைக்கு 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைச்சொற்கள்.

மாத்திப் போட்டால் என்னாகும்?

எஸ்தாரில் 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால், 'எனக்கு போரடிக்குது'. செர்ரில் 'சோய் அபுர்ரிதோ' என்றால், 'நான் போரான ஆளு'!

நிரந்தரத்துக்கு செர், தற்காலிகத்துக்கு எஸ்தார் என்றுதான் பலரும் படிக்கிறார்கள். அது முழுசா சரியில்லை. மாட்ரிட் எங்கும் நகராது. அது இருக்கும் இடத்தைச் சொல்ல எஸ்தார். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கும் எஸ்தார்தான். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் மணிக்கோ செர்!

எப்படி நினைவில் வைப்பது?

யார், என்ன, எப்படிப்பட்டவர் என்றால் செர். எங்கே, எந்த நிலையில் என்றால் எஸ்தார். ஆனால், நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்பதற்கு செர்.