ஆஃபா

பள்ளி வேதியியலில் பௌலி, ஹுண்ட் ஆகியோரின் விதிகளுக்குப் பக்கத்திலேயே ‘ஆஃபா தத்துவம்’ வருவதால், ஆஃபா என்றொரு விஞ்ஞானி இருந்ததாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி யாரும் இல்லை. ‘அவுஃப்பௌ’ என்ற ஜெர்மன் சொல் நம் வாயில் இப்படி ஆகிவிட்டது. ‘அவுஃப்’ மேல், ‘பௌ’ கட்டுமானம். அடியிலிருந்து கட்டி எழுப்புவது என்று பொருள். 1920களின் தொடக்கத்தில் நீல்ஸ் போர் தனிம வரிசையை விளக்கியது இந்த வழியில்தான்: எலக்ட்ரான்களுக்கான இடங்களில் ஆற்றல் குறைந்தது முதலில் நிரம்பும், பிறகு அடுத்தது.

குரோமியத்திலேயே விதி சறுக்குகிறது. ஆர்பிட்டால் எனப்படும் இந்த இடங்களில் 3டி-யில் நான்கு, 4எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தும் ஒன்றுமாக நிற்கின்றன.

குவாண்டம் வேதியியல் கணக்கில் தொல்லை இன்னும் பெரிது. மென்பொருள், விடை மாறாமல் நிற்கும்வரை, ஒவ்வொரு சுற்றிலும் ஆர்பிட்டால்களைப் புதிதாகக் கணக்கிட்டு, ஆற்றல்படி வரிசைப்படுத்தி, கீழிருந்து நிரப்பும். இரும்புச் சேர்மங்கள் போன்றவற்றில் இரண்டு ஆர்பிட்டால்களின் ஆற்றல் நெருங்கியிருந்தால் சுற்றுக்குச் சுற்று வரிசை மாறும். எலக்ட்ரான்கள் இங்குமங்கும் தாவ, கணக்கு முடியாமலேயே போகலாம். முடிந்தாலும் நமக்கு வேண்டாத நிலையில் போய் நிற்கலாம். மென்பொருள் முடிந்தது என்று சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எந்த ஆர்பிட்டாலில் எலக்ட்ரான் இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

2008இல் கில்பர்ட், பெஸ்லி, கில் மூவரும் ஆஃபாவையே ஒதுக்கிவைத்தார்கள். ஆற்றலைப் பார்க்காமல், முந்தைய சுற்றில் நிரம்பியிருந்தவற்றோடு அதிகம் பொருந்தும் ஆர்பிட்டால்களையே மறுபடி நிரப்பும் முறை அவர்களுடையது. கிளர்வுற்ற நிலைகளைக் கணக்கிட இது வசதி.