கப்பலேறிய கணக்கு

ஏனாத்தூரில் தறிக்குழியில் கால் நீட்டி அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னைப் பெருமையோடு கேட்டார்: "அந்தக் காலத்துல நம்ம பக்கத்துத் துணி கப்பலேறிச் சீமையெல்லாம் போச்சாமே, நெஜந்தானா சார்?"

"நிஜம்தான் பெரியவரே. ஆனால் பெரும்பாலும் பருத்தித் துணி, பட்டல்ல" என்றேன். கப்பலில் வேறு என்ன போயிற்று என்று சொல்ல நா எழவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1930-இல் பிறந்த இலங்கைத் தமிழர். இலங்கையிலும், பிறகு மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சரித்திரம் கற்பித்து, 1998-இல் மறைந்தார். உத்தியோக வரலாறு அவ்வளவுதான். மனிதருடைய உண்மையான வாழ்க்கை டச்சுக் கம்பெனியின் பழைய காகிதக் கட்டுகளிடையே நடந்தது. இலங்கையில் டச்சு ஆதிக்கம் பற்றி 1958-இல் ஒரு நூல். சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றி 1986-இல் இன்னொன்று. துணி வியாபாரத்தைத் துருவியவர் மனித வியாபாரத்தையும் விட்டுவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இந்து மகாசமுத்திரத்தில் நடந்த அடிமை வாணிபம் பற்றிய அவருடைய கட்டுரை 1995-இல் வெளிவந்தது.

தஞ்சைச் சீமையில் பிஜப்பூர்ப் படை புகுந்து, பின்னாலேயே பஞ்சமும் வந்த காலம். நாகப்பட்டினம் 1658-இலேயே டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. 1659 முதல் 1661 வரை இக்கரையில் அவர்கள் வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கு, சிலர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும். 'வாங்கிய' என்று எழுதக் கை கூசுகிறது. விற்றவர் இருந்தால்தானே வாங்க முடியும்? பசி தாளாமல் பிள்ளையை விற்ற தாயை மன்னித்துவிடலாம். இடையில் நின்று தரகுக் காசு பார்த்தவனை?

தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றதும் 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1652-இல் டச்சுக்காரர் அமைத்த நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தில் நம் கரை மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். தாய் வைத்த பெயர் போய், எஜமானன் வைத்த பெயரோடு 'கொரமண்டல்' என்று கரையின் பெயரும் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டது. துணியும் தப்பவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர் பண்டமாற்றாகக் கொடுத்தவற்றில் நம் நெசவாளர் நெய்த துணியும் உண்டு. நெய்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

முதியவர் விடைகொடுக்கும்போது, "எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு எழுதிக் குடுங்க சார், பேரன் படிப்பான்" என்றார். அந்தக் காகிதம் பாதி எழுதியபடி என் மேஜைமேல் கிடக்கிறது.