பந்து எங்கே? – எச்.டி. தொலைக்காட்சியும் விளையாட்டு ஒளிபரப்பும்

1996 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஓர் அதிசயம் காத்திருந்தது. பனித்தரையில் வழுக்கி ஓடும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைச் சுற்றி நீல நிற ஒளி! யாராவது வேகமாக அடித்தால் அதன் பின்னால் வால் நட்சத்திரம் போலச் சிவப்புக் கோடு வேறு.

ஆட்டத்தை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் நிறுவனத்தின் வேலைதான் இது. வட்டை இரண்டாக வெட்டி, உள்ளே அகச்சிவப்புக் கதிர் விளக்குகளும் சின்ன மின்கலமும் வைத்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அரங்கைச் சுற்றி இருந்த உணரிகள் வட்டு எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல, கணினி அந்த இடத்தில் ஒளியை வரைந்தது. ஹாக்கியில் ஊறிய ரசிகர்கள் இதைக் கடுமையாகக் கிண்டல் செய்தார்கள். 1998ல் இது கைவிடப்பட்டது.

இவ்வளவு பாடு எதற்கு? காரணம் எளிமையானது. சுமார் 7.6 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டு அன்றைய தொலைக்காட்சியில் பலருக்குக் கண்ணிலேயே படவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 வரிகள் கொண்டது. அதில் திரையில் தெரிபவை சுமார் 480 தான். 1941ல் வகுத்த அளவு! மைதானம் முழுவதையும் காட்டினால் பந்து தெரியாது, பந்தைக் காட்டினால் மைதானம் தெரியாது என்பதுதான் விளையாட்டு ஒளிபரப்பின் பழைய தலைவலி. அதைத் தீர்க்க வந்ததுதான் எச்.டி. ஆனால் அது வந்த பாதை அவ்வளவு நேரானது அல்ல.

ஜப்பானில் தொடங்கிய கதை

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்ததும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி பற்றிய ஆராய்ச்சியில் இறங்கியது. மனிதக் கண்ணுக்கு எத்தனை வரிகள் போதும், திரை எவ்வளவு அகலமாக இருந்தால் நேரில் பார்ப்பது போல இருக்கும் என்றெல்லாம் சோதித்து, கடைசியில் 1125 வரிகள் கொண்ட அகலத்திரை முறையை உருவாக்கினார்கள். ‘ஹை-விஷன்’ என்பது அதன் பெயர்.

படம் பிரமாதம். ஆனால் அதை வீட்டுக்கு அனுப்புவது எப்படி? ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையில் அடங்காத அளவு தகவல் அதில் இருந்தது. அதனால் 1980களில் ‘மியூஸ்’ என்ற சுருக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு படத்தின் புள்ளிகளை ஒரே தடவையில் அனுப்பாமல் நான்கு தவணையாக அனுப்புவார்கள். வீட்டுப் பெட்டி அவற்றைச் சேர்த்து முழுப் படமாக்கும்.

இங்கேதான் சிக்கல். அசையாமல் இருக்கும் பொருளுக்கு நான்கு தவணையும் வந்து சேரும். படம் துல்லியமாக இருக்கும். ஓடும் வீரருக்கு? இரண்டாவது தவணை வருவதற்குள் அவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். எனவே அசையும் பகுதிகளை மட்டும் குறைந்த துல்லியத்தில் காட்ட வேண்டியதாயிற்று. மைதானம் பளிச், ஓடும் வீரர் மங்கல்! ஒலிம்பிக் முடிந்த கையோடு தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த இந்த முறை, விளையாட்டிலேயே தடுமாறியது.

அமெரிக்காவின் இரண்டு கட்சிகள்

ஜப்பானைப் பார்த்து அமெரிக்காவும் விழித்துக் கொண்டது. 1990ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் எச்.டி. படத்தை முழுக்க டிஜிட்டல் முறையில் சுருக்கி அனுப்ப முடியும் என்று அறிவித்ததும் போட்டியின் திசையே மாறியது. 1993ல் போட்டியாளர்கள் எல்லோரும் ‘கிராண்ட் அலையன்ஸ்’ என்ற பெயரில் கை கோத்தார்கள். ஆனால் ஒரு கேள்வியில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. படத்தை எப்படி வரைவது?

பழைய தொலைக்காட்சி முறைக்கு ‘இன்டர்லேஸ்’ என்று பெயர். முதலில் ஒற்றைப்படை வரிகளை மட்டும் வரையும், அடுத்து இரட்டைப்படை வரிகளை வரையும். அதாவது நொடிக்கு 60 அரைப்படங்கள். இதற்கு மாற்று ‘புரோகிரசிவ்’. கணினித் திரை போல எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வரைவது. கணினி நிறுவனங்கள் புரோகிரசிவ் முறைதான் வேண்டும் என்றன. ஒளிபரப்பாளர்களில் பலர் இன்டர்லேஸை விடத் தயாராக இல்லை. 1996 டிசம்பரில் அரசின் தகவல் தொடர்பு ஆணையம் டிஜிட்டல் தரத்தை ஏற்றுக்கொண்டபோது, பட வடிவத்தை மட்டும் கட்டாயமாக்காமல் விட்டுவிட்டது. ‘உங்கள் பாடு’ என்று சொல்லாத குறை!

இதனால் இரண்டு கட்சிகள் உருவாயின. சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் 1080ஐ எடுத்துக்கொண்டன. ஏ.பி.சி.யும் அதன் சகோதர நிறுவனமான ஈ.எஸ்.பி.என்.னும் 720பி எடுத்துக்கொண்டன. ஃபாக்ஸ் 2002 சூப்பர் பவுல் போட்டியை வெறும் 480 வரி அகலத்திரையில் காட்டிவிட்டு, 2004ல் 720பி பக்கம் வந்து சேர்ந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1080 தான் பெரியது. ஒரு முழுப்படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 720பி படத்திலோ 1280 × 720 = 9,21,600 தான். பாதிகூட இல்லை. ஆனால் 1080ஐ நொடிக்கு 60 அரைப்படங்களைத் தருகிறது, 720பி நொடிக்கு 60 முழுப்படங்களைத் தருகிறது. ஒரு நொடிக்குக் கணக்குப் போட்டால் முன்னது சுமார் 6.22 கோடி புள்ளிகள், பின்னது சுமார் 5.53 கோடி. பெரிய வித்தியாசம் இல்லை!

இப்போது பந்துக்கு வருவோம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பேஸ்பால், நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒற்றைப்படை வரிகள் எடுக்கும்போது ஓரிடம், இரட்டைப்படை வரிகள் எடுக்கும்போது இன்னோரிடம். இரண்டு அரைகளையும் சேர்த்தால் ஓரங்கள் சீப்புப் பல் போலப் பிசிறும். அசையாத காட்சியில் 1080ஐ ஜெயிக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது அந்தக் கூடுதல் வரிகள் உதவிக்கு வருவதில்லை. 2003 மார்ச் 30 அன்று ஈ.எஸ்.பி.என். தன் எச்.டி. சேனலை ஒரு பேஸ்பால் ஆட்டத்துடன் 720பி முறையில் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

குழாய் சிறியது

வடிவம் எதுவாக இருந்தாலும் இரண்டு கட்சிக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுதான் இடப்பற்றாக்குறை. ஒளிபரப்பு அரங்கில் எச்.டி. படம் நொடிக்குச் சுமார் 1.5 கிகாபிட். அமெரிக்காவில் ஒரு நிலையத்துக்குக் கிடைத்த 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போவது நொடிக்கு 19.39 மெகாபிட் மட்டுமே. எழுபதில் ஒரு பங்குகூட இல்லை.

எம்பெக்-2 என்ற முறை இந்தச் சுருக்கத்தைச் செய்தது. முந்தைய படத்தில் இருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவது அதன் தந்திரம். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்திருந்தால் உதடும் கண்ணும்தான் அசையும், வேலை சுலபம். விளையாட்டில் கேமரா திரும்புகிறது, புல்வெளி ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோர் எழுந்து கையசைக்கிறார்கள், கோப்பை வென்றதும் காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டுகின்றன. எல்லாமே மாற்றம்! அப்போது பிட்கள் போதாமல் படம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைகிறது. போதாக்குறைக்கு, பல நிலையங்கள் அதே 19.39 மெகாபிட்டைப் பிரித்துக் கூடுதல் சேனல்களையும் ஓட்டின. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ‘எச்.டி.’ முத்திரை மாறவில்லை. உள்ளே வந்த படம்தான் இளைத்தது.

எண் சொல்லாத உண்மை

இந்த வரலாற்றில் ஒரு பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை விளம்பரத்தில் போடுவது எளிது. ஒரு நொடிக்கு எத்தனை படங்கள், அதற்கு எத்தனை பிட்கள் என்பதை யாரும் பெட்டியின் மேல் அச்சடிப்பதில்லை. ஆனால் ஆட்டத்தின் முக்கியமான கணத்தில் பந்து தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். 2020 பிப்ரவரியில் ஃபாக்ஸ் சூப்பர் பவுல் போட்டியை 4கே என்று வழங்கியபோதுகூட, ஆட்டம் உண்மையில் தயாரானது 1080பி முறையில், கூடுதல் ஒளி-நிற வீச்சுடன்தான். அதன் பிறகே அது 4கே அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது. அசைவும் வண்ணமும் சரியாக இருந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம் என்று அவர்களும் முடிவு செய்திருந்தார்கள்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை தொலைக்காட்சி வாங்கக் கடைக்குப் போனால், அங்கே ஓடும் பூக்களையும் மலைகளையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நேரடி ஆட்டத்தைப் போடச் சொல்லுங்கள். கேமரா வேகமாகத் திரும்பும்போது புல்வெளியைக் கவனியுங்கள். புல் புல்லாகவே இருக்கிறதா, பச்சைக் களிம்பாக மாறுகிறதா? எந்த எண்ணும் சொல்லாததை அது சொல்லிவிடும்.