திறீ நொட் திறீ: ஓர் எண்ணும் பல துவக்குகளும்

பருத்தித்துறையில் என் தலைமுறையினருக்குப் பொலிஸ்காரரின் துவக்கு என்றால் அது ‘திறீ நொட் திறீ’தான். வேறு பெயர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. 1987 மே மாதம் வடமராட்சியில் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தொடங்கியபோது துவக்குகளின் தலைமுறையே மாறிவிட்டிருந்தது. ஆயினும் அதற்கு முந்திய சம்பவங்களை விவரிக்கும் முதியவர்கள் இன்றும் 303 என்றே கூறுகின்றனர். அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம்: 303 என்பது துவக்கின் பெயரன்று, குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு, ஏறத்தாழ 7.7 மில்லிமீற்றர்.

துவக்கின் பெயர் லீ-என்பீல்ட். ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்கரான ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த போல்ட்டும் ரவைக்கூடும் முற்பாதிக்குக் காரணம். லண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் தொழிற்சாலை பிற்பாதி. ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, மடக்கவேண்டும். கூட்டில் பத்து ரவைகள் கொள்ளும்.

குழப்பம் 1926இல் பிறந்தது. 1907இல் ‘குறுந்துவக்கு, மார்க் 3’ எனப் பெயர்பெற்ற அதே ஆயுதத்தை அவ்வாண்டில் ‘இலக்கம் 1, மார்க் 3’ எனப் பிரித்தானியர் அழைக்கத் தொடங்கினர். இரு பெயர்களையும் கண்டு இரு துவக்குகள் என எண்ணுவோர் உளர். மார்க் 3க்குப் பின் நட்சத்திரக் குறி இருப்பின், முதல் உலகப்போரின் அவசரத்தில் சில உறுப்புகளைக் கைவிட்டு எளிமையாக்கிய வகை என்று பொருள். ‘இலக்கம் 3’ இன்னும் வேடிக்கை: அதுவும் 303தான், ஆனால் அதில் லீயின் பொறியமைப்பே இல்லை! அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட 1914ஆம் ஆண்டு மாதிரி அது. இரண்டாம் உலகப்போரில் பெருமளவில் வந்தது ‘இலக்கம் 4’.

கண்ணால் கண்டவர் இலக்கங்களை அறிந்திருக்கமாட்டார். மூக்கை நினைவுகூர்வார். இலக்கம் 1இன் முனை மொட்டையானது. குழல் ஏறத்தாழ உறையோடு முடிந்துவிடும். இலக்கம் 4இல் குழல் சிறிது வெளியே நீட்டி நிற்கும். குறிகாட்டி முன்னதில் குழலின் மேலும் பின்னதில் கண்ணருகிலும் இருக்கும்.

இதற்கு மாறான பொறியும் உண்டு. 1962 சீனப்போருக்குப் பின் இந்தியாவின் இஷாப்பூரில் செய்யப்பட்ட 2ஏ வகை, தோற்றத்தில் இலக்கம் 1ஐப் போன்றது. கூர்ந்து நோக்கினால் ரவைக்கூடு மட்டும் சதுரமாகத் தெரியும். ஆனால் அது 7.62 மில்லிமீற்றர் ரவைக்குரியது, 303 அன்று. வெற்றுக்கோது அகப்பட்டால் ஐயம் தீரும்: 303இன் கோதுக்கு அடியில் விளிம்பு வெளியே பிதுங்கியிருக்கும், மற்றதற்கு அது இல்லை.

ஆகவே, சாட்சி ‘303’ என்றால் அச்சொல்லையே எழுதுங்கள். மாதிரிப் பெயரை நீங்களாகச் சேர்க்கவேண்டாம். முனை மொட்டையா நீட்டமா என்று மட்டும் கேளுங்கள்.