1960 ஜூலை: அளக்கிற படி யார் கையில்?

சம்பளக் கமிஷன் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எவ்வளவு கூடுமாம்?" எட்டாவது கமிஷன் வரப்போகிறது என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோதும் அதேதான் நடந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பென்ஷன்காரர்கள் ஆளுக்கொரு பெருக்கல் கணக்குப் போட்டார்கள். நமக்கு முந்தின தலைமுறை ஊழியர்கள் இதோடு இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் யார்? எந்த அளவை வைத்து அளக்கிறார்கள்? அந்த மேசையில் ஊழியனுக்கு ஒரு நாற்காலி உண்டா? இதற்காக மத்திய அரசு ஊழியர்கள் 1960-லும் 1968-லும் வேலையை நிறுத்தினார்கள். ஜெயிலுக்குப் போனார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். நானும் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கும் நாம் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் சம்பளக் கமிஷன் 1946-ல் அமைந்தது. அதன் தலைவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஃபெடரல் கோர்ட்டு நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார். அதே வருஷம் ஜூலை 11-ம் தேதி தபால்காரர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் வரும். 1947-ல் கமிஷன் கடைசி நிலை ஊழியருக்கு நிர்ணயித்தது மாதம் 55 ரூபாய். சம்பளம் 30, பஞ்சப்படி 25.

பத்து வருஷத்தில் விலைவாசி எங்கோ போய்விட்டது. 1957-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை மாதம் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த மாநாடு அது. தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் குல்ஜாரிலால் நந்தா. குறைந்தபட்சக் கூலி என்பது தேவையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று அங்கே ஒருமனதாக முடிவானது. அதற்கு ஒரு கணக்கும் சொன்னார்கள். சம்பாதிக்கிற ஒருவரை நம்பி மூன்று பங்கு சாப்பாடு. உணவின் அளவுக்கு டாக்டர் அய்க்ராய்ட் வகுத்த கணக்கு. இந்த அய்க்ராய்ட் நம் குன்னூர் சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநராக இருந்தவர். நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. குறைந்தபட்ச வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம்.

இதில் ஒரு வரி நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அந்தத் தீர்மானம். ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

இரண்டாவது காரியம், தபால் தந்தி ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தன. அரசாங்கம் ஒரு கையில் தடைச் சட்டத்தையும், மறு கையில் இரண்டாவது சம்பளக் கமிஷனையும் நீட்டியது. சங்கங்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டன. நீதிபதி ஜகந்நாத தாஸ் தலைமையில் கமிஷன் வேலையைத் தொடங்கியது. தொழிலாளர் மாநாட்டுத் தீர்மானம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்துமா என்று கேள்வி வந்தபோது, கட்டுப்படுத்தாது என்று நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. தனியார் முதலாளிக்கு அரசு சொல்லிக்கொடுத்த அளவை, அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் எடுக்க மாட்டேன் என்றது. 1959-ல் வந்த அறிக்கையில் குறைந்தபட்சம் 80 ரூபாய் என்று முடிந்தது.

ஊழியர்களுக்குக் கோபம் வந்ததற்குத் தொகை மட்டும் காரணமில்லை. கமிஷன் முன்னால் மனு கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதுதான். பேரம் பேச இடமில்லை. ரயில்வே, தபால் தந்தி, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், மற்ற அலுவலகச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்தன. 1960 ஜூலை 11 நள்ளிரவு வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்கு முன்பே, ஜூலை 8-ம் தேதி, அவசரச் சட்டம் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்தாலே ஆறு மாதம் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆயிரக்கணக்கில் கைதானார்கள். 16-ம் தேதி வேலைநிறுத்தம் வாபஸ் ஆயிற்று. சங்கங்களின் அங்கீகாரம் பறிபோனது. வேலை போனவர்களும், சஸ்பெண்ட் ஆனவர்களும் ஏராளம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் பிரான்ஸ் என்ன செய்தது என்று ஒரு வார்த்தை. அங்கே 1946 அக்டோபரில் அரசு ஊழியர்களுக்குப் பொதுச் சட்டம் ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் மோரிஸ் தொரேஸ், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அரசு ஊழியருக்குச் சங்கம் வைக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது. மனிதன் உயிர்வாழத் தேவையான குறைந்தபட்சத் தொகையைப் போல் 120 சதவீதத்துக்குக் கீழே ஆரம்பச் சம்பளம் போகக் கூடாது என்றும் எழுதியது. நம் 1957 தீர்மானத்துக்கு அது அண்ணன் முறை. வேலைநிறுத்த உரிமையோ அந்த வருஷத்து அரசியல் சட்ட முகவுரையிலேயே இருந்தது. இரண்டு நாட்டிலும் அரசாங்கம்தான் முதலாளி. அங்கே உரிமை என்று சொன்னதை இங்கே குற்றம் என்றார்கள்.

நம் நீதிமன்றங்களும் இதைப் பரிசீலித்தன. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் உண்டு. ஆனால் கூட்டு பேரத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அதனால் உத்தரவாதம் கிடைக்காது என்று 1961-ல் வங்கி ஊழியர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 1962-ல் காமேஸ்வர் பிரசாத் வழக்கில், அரசு ஊழியர் ஆர்ப்பாட்டம் செய்வதையே ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதி செல்லாது என்றது. கோஷம் போடலாம், ஊர்வலம் போகலாம், வேலையை நிறுத்த உரிமை இல்லை. இதுதான் அன்றைய நிலை.

தோற்றுப்போன வேலைநிறுத்தம் என்று 1960-ஐச் சொல்வார்கள். ஆனாலும் ஆறு வருஷம் கழித்து அதன் பலன் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் விட்லி கவுன்சில் என்று ஓர் ஏற்பாடு. அரசுத் தரப்பும் ஊழியர் தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் சபை. அந்த மாதிரியில் 1966 அக்டோபர் 28-ம் தேதி இங்கே கூட்டு ஆலோசனை அமைப்பு தொடங்கியது. நாம் ஜே.சி.எம். என்று சொல்வது இதைத்தான். மேலே தேசியக் கவுன்சில், அதன் தலைவர் கேபினட் செயலாளர். அதற்குக் கீழே துறைக் கவுன்சில், அலுவலகக் கவுன்சில். பேச்சு முறிந்தால் சம்பளமும் படிகளும், வாராந்தர வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றில் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அந்தத் தீர்ப்பையும் மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு. இதற்குப் பதிலாகச் சங்கங்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிடுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்காலி கிடைத்தது, விலையும் கொடுத்தாயிற்று.

இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்சச் சம்பளத்தை ஊழியர் தரப்பு கேட்டது. உடன்பாடு இல்லை. அப்படியானால் நடுவரிடம் அனுப்புங்கள் என்றார்கள். அரசாங்கம் மறுத்தது. நடுவர் உண்டு என்ற வாக்குறுதியின் பேரில்தானே வேலைநிறுத்தத்தைக் கைவிட்டோம் என்று கேட்டுவிட்டு, 1968 செப்டம்பர் 19-ம் தேதி ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுபடி அவசரச் சட்டம், மறுபடி கைதுகள். பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் ரயில்வே ஊழியர்கள் இறந்தார்கள். கேரளத்தில் மட்டும் ஈ.எம்.எஸ். அரசு அந்தச் சட்டத்தை ஊழியர்கள் மேல் பிரயோகிக்க மறுத்தது.

பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். மூன்றாவது கமிஷன் 1973-ல் குறைந்தபட்சம் 185 ரூபாய் என்றது. ஊழியர் தரப்போடு பேசிய பிறகு அரசாங்கம் அதை 196 ஆக்கியது. பதினொரு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். கமிஷன் எழுதியதே முடிவு என்ற வழக்கம் அந்தப் பதினொரு ரூபாயில் மாறியது. ஏழாவது கமிஷன் 2015-ல் 18,000 ரூபாய் என்று நிர்ணயித்தபோது கையில் எடுத்த கணக்கு எது தெரியுமா? எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அரசாங்கம் தள்ளிவிட்ட அதே 1957 கணக்குதான். அய்க்ராய்டின் சாப்பாடு, துணி எல்லாம் அதில் இருக்கிறது. தொகை போதாது, 26,000 வேண்டும் என்று ஊழியர் தரப்பு கேட்டது. வேலைநிறுத்தத்துக்குத் தேதி குறித்தார்கள்: 2016 ஜூலை 11. பழைய தேதியேதான். அமைச்சர்கள் கூப்பிட்டுப் பேசியதும் அது தள்ளிவைக்கப்பட்டது.

மாநில ஊழியர்களின் அனுபவம் வேறு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் ஆனார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு ஆகஸ்ட் 6-ம் தேதி சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். அந்த மாதம் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரிந்த வீடுகள் நம் தெருக்களிலும் இருந்தன.

இது அரசாங்கச் சம்பளக்காரர்கள் கதை, பட்டாசு ஆலைக்குப் போகிறவனுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். அந்த 1957 அளவோடு பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அது சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் குழுக்களில் தொழிலாளர் தரப்புக்கும் இடம் தந்தது 1948-ம் வருஷத்துச் சட்டம். அளவு ஒன்றுதான். அதை எடுத்துப் பேச மேசையில் ஆள் வேண்டும். எட்டாவது கமிஷன் என்ன தரும் என்று பெருக்கிப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரின் ஆலைக் கூலி இந்த அளவுக்கு வருகிறதா என்றும் ஒருதரம் கூட்டிப் பாருங்கள்.