முதல் திரை யாருக்கு? (ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ். வந்த கதை)

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வருமே, பார்த்திருக்கிறீர்களா? விண்டோஸா, லினக்ஸா என்று கேட்டுவிட்டு சில விநாடிகள் காத்திருக்கும். நாம் எதையும் அழுத்தாவிட்டால் தானாகவே ஒன்றைத் திறந்துவிடும். இதற்குப் பெயர் டூயல் பூட். இதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்தப் பட்டியலின் சரித்திரம். பி.காம் படிக்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இது முழுக்க முழுக்க வியாபாரக் கதை.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்வோம். 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க். (ஜி.பி. இல்லை சாமி, எம்.பி.தான். இன்றைய செல்போன் போட்டோ நாலைந்து வைத்தால் நிரம்பிவிடும்.) கூடவே வந்த டாஸ் 2.0-வில் டிஸ்க்கை நான்கு பாகங்களாகப் பிரிக்க வழி இருந்தது. வெவ்வேறு ஓ.எஸ்.கள் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கலாம். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம். அதில் 446 பைட் துவக்கி வைக்கும் நிரல், 64 பைட் நான்கு பாகங்களின் விவரம், மிச்சம் 2 பைட் அடையாள முத்திரை. கூட்டிப் பாருங்கள், டாலி ஆகும்.

மயிலாப்பூரில் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உள்ளே நாலு போர்ஷன், தெருவைப் பார்த்து ஒரே ஒரு வாசல் கதவு. அந்த 446 பைட்தான் வாசல் கதவு. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து ஆட்கள் "முதலில் விண்டோஸ் போடு, அப்புறம் லினக்ஸ் போடு" என்று அடித்துச் சொல்வார்கள். காரணம், விண்டோஸ் பின்னால் குடிவந்தால் வாசல் பூட்டையே மாற்றிவிடும். உள்ளே லினக்ஸ் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. லினக்ஸின் க்ரப் அப்படி இல்லை. பக்கத்துப் போர்ஷன்காரர் பெயரையும் வாசல் பலகையில் எழுதி வைக்கும்.

இடமும் இருந்தது, வழியும் இருந்தது. அப்படியானால் கடையில் வாங்கும்போதே இரண்டு ஓ.எஸ். ஏன் வரவில்லை? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

ஆப்பிளில் பெரிய பதவியில் இருந்த ழான்-லூயி கசே என்ற பிரெஞ்சுக்காரர் பி என்ற கம்பெனியை ஆரம்பித்து, பி ஓ.எஸ். என்று ஒன்றை உருவாக்கினார். வாங்குபவர் கண்ணில் படும்படி விண்டோஸுக்குப் பக்கத்தில் வைத்து விற்றால், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு இலவசமாகவே தருகிறேன் என்றார். ஜப்பானில் ஹிட்டாச்சி இரண்டையும் போட்டு விற்றது. ஆனால் ஆன் செய்தால் பட்டியல் வராது, நேராக விண்டோஸ்தான் வரும். பி ஓ.எஸ். டிஸ்க்கில் ஒளிந்திருக்கும். அதை எழுப்ப, வாங்கியவரே வழிமுறையைத் தேடிப் படித்து ஃப்ளாப்பி ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். துவக்கத் திரையை மாற்றக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் உற்பத்தியாளர்களோடு போட்ட உரிம ஒப்பந்தமே இதற்குக் காரணம் என்பது பி நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2001-ல் தன் சொத்துகளை பாம் கம்பெனிக்கு விற்ற பி, 2002-ல் வழக்குப் போட்டது. 2003-ல் மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

நம் ஊர் போட்டிச் சட்டம், 2002-ல் பிரிவு 3(4) என்று ஒன்று உண்டு. ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்பது, மற்றவன் சரக்கைத் தொடாதே என்று ஒப்பந்தம் போடுவது எல்லாம் அதில் வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததைவிட இந்தக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு அது மண்டையில் ஏறியது.

சரி, சென்னைக்கு வருவோம். கம்பெனிகள் போட்டுத்தராததை இங்கே பையன்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி பாகம் வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி. 2000-களின் நடுவில் உபுண்டுகாரர்கள் உலகத்தில் யார் கேட்டாலும் தபாலில் சி.டி. அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையதே. (2011-ல் நிறுத்திவிட்டார்கள்.) மாட்டிக்கொண்டால் உதவிக்கு அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழு இருந்தது. 1998-லிருந்து இயங்கி வந்த குழு அது.

அரசாங்கமும் இதில் இறங்கியது. நந்தனத்தில், அண்ணா சாலையில் இருக்கும் எல்காட் நிறுவனத்துக்கு சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில், அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அதே சமயத்தில் தரமணியில் சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸை உருவாக்கி 2007 தொடக்கத்தில் வெளியிட்டது. அதன் பெயர் பாஸ். (வாங்க பாஸ், உட்காருங்க பாஸ் என்று கலாய்த்தவர்கள் நிறையப் பேர்.)

அப்புறம் வந்தது 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் வருடத்துக்கு மட்டும் சுமார் 9 லட்சம் மடிக்கணினிகள் என்று திட்டம். டெண்டர் எல்காட் வழியாக. அந்தத் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கசே இலவசமாகத் தருகிறேன் என்று கெஞ்சியும் கிடைக்காத அந்த முதல் திரை, நம் ஊர் அரசுப்பள்ளி மாணவன் மடியில் சர்வசாதாரணமாக வந்து உட்கார்ந்தது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் டெண்டரில் ஒரு வரி எழுதினால் உற்பத்தியாளர் வாயைத் திறக்காமல் செய்துதருவார். எக்கனாமிக்ஸில் சொல்லும் வாங்குவோர் பலத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா பையனுக்கு அப்படி ஒரு லேப்டாப் கிடைத்தது. கொஞ்ச நாளிலேயே தெருமுனைக் கடை ஒன்றில் கொடுத்து மொத்தத்தையும் அழித்து, காசு கொடுக்காத விண்டோஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டான். "அந்த இன்னொண்ணு எதுக்குன்னே தெரியலடா" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்து ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இருந்தது ஸ்டார் ஆபீஸ். உபுண்டுவுக்கென்று ஒரு பகுதி வந்தது 2018-ன் புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில்தான். லேப்டாப் 2011-ல், பாடம் 2018-ல். நடுவில் ஏழு வருடம் அந்தப் பட்டியல் வந்து, சில விநாடி காத்திருந்து, யாரும் ஒன்றும் கேட்காததால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. என் கணக்கில் அரசாங்கம் செலவான பணத்தில் பாதிப் பலனை இங்கே கோட்டை விட்டது. பாஸ் போட்டது வீண் என்று சொல்ல மாட்டேன். அதோடு சேர்த்து வாரம் ஒரு பீரியட் ஒதுக்கியிருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வாசல் கதவுச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் என்று புதுப் பூட்டு வந்தது. நம்பகமான கையெழுத்து இல்லாத துவக்க நிரலை அது உள்ளே விடாது. அந்தக் கையெழுத்தை உபுண்டு, ஃபெடோரா போன்றவை மைக்ரோசாஃப்டிடமே வாங்கிக்கொள்கின்றன. போட்டிக்காரனிடமே வாசல் சாவிக்கு நகல் வாங்குவது மாதிரி. வேண்டாமென்றால் சாதாரண கம்ப்யூட்டர்களில் அமைப்புக்குள் போய் அந்தப் பூட்டை அணைத்தும் வைக்கலாம்.

இப்போது இன்னொரு திருப்பம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் சிப், பிராசசர் எல்லாம் அந்தக் கால இலவச லேப்டாப்பில் கிடையாது. வீட்டுப் பரணில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் துடைத்து ஆன் செய்து பாருங்கள். தெருமுனைக் கடைக்காரர் கை வைக்காமல் விட்டிருந்தால், அந்த இரண்டாவது பெயர் இன்னும் அங்கேயே இருக்கும்.